டெய்லர் பாய் தேர்ந்தெடுத்த மாஸ்டர்

முகம்மது காசிம் உமர் பாரூக், பிறப்பு 1908, தையற்காரர், பொன்னேரி வாலிபர் கைப்பந்துச் சங்கத்தின் காரியதரிசி, 1951 முதல் 1957 வரை.

வாயில் நூல் இருக்கும்போது அவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது பொன்னேரிக் கடைத்தெரு முழுவதற்கும் தெரியும். தெரிந்திருந்தும் எல்லோரும் அப்போதுதான் கேட்பார்கள். ஏனெனில் அவர் வாயில் நூல் இல்லாத நேரம் மிகக் குறைவு. ஒரு நூல் ஊசியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நூல் முன்பற்களுக்கிடையே காத்திருக்கும். ஆகையால் எந்தக் கேள்விக்கும் அவரிடமிருந்து வரும் விடை ஒரு "ம்" மட்டுமே. அந்த "ம்" ஆம் என்பதா, இல்லை என்பதா, காதில் விழுந்தது என்பதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு கேட்டவரைச் சேர்ந்தது. அவரவர் தமக்குச் சாதகமாகத் தீர்மானித்துக்கொண்டு போவார்கள். மறுநாள் வந்து சண்டை பிடிப்பார்கள்.

"இன்னா பாய், ரவிக்கைய இன்னிக்கி குட்த்துடறேன்னு நேத்து சொன்னியே?" என்பாள் கீரை விற்கும் மணியம்மாள்.

"நான் எங்கம்மா சொன்னேன்? நூலு சொல்லியிருக்கும்" என்பார் உமர் பாரூக்.

கடை ஸ்டேஷன் ரோட்டில் இருக்கிறது. ஓர் ஆள் கைகளை விரித்தால் இரு பக்கத்துச் சுவரும் விரலில் படும். முன்புறம் கால்மெஷின், பின்புறம் துணி வெட்டும் பலகை, பலகைக்கு மேலே ஆணிகளில் வரிசையாக மஞ்சள் சட்டைகள். அவை வாடிக்கையாளர்களுடையவை அல்ல, பந்தாட்டக்காரர்களுடையவை. 1951இல் வாலிபர்கள் சிலர் அந்தச் சட்டைகளைத் தைக்கக் கொடுக்க வந்தபோது, "பந்த இங்கியே வெச்சிக்கிறியா பாய்? ஊட்ல வெச்சா நைனா கிழிச்சிப் போட்டுடும்" என்று கேட்டார்கள். அப்போதும் வாயில் நூல் இருந்தது. பந்து தங்கிற்று. பந்தை எடுக்கவும் வைக்கவும் வந்த பையன்கள் தங்கினார்கள். பையன்களைத் தேடி வந்த சங்கமும் அங்கேயே தங்கிவிட்டது. அவர் காரியதரிசி ஆன வரலாறு இவ்வளவே.

அவருக்குக் கைப்பந்து ஆடத் தெரியாது. வலைக்கு மேலே ஒரு பந்தை அனுப்பச் சொன்னால் அது வலைக்குக் கீழே போகும். ஆட்டத்தை வேடிக்கை பார்க்கும்போதும் அவர் கண் பந்தின்மேல் நிற்காது; சட்டைகளின்மேல் நிற்கும். பையன் ஒருவன் பந்துக்காகப் பாய்ந்து விழுந்தால் கூட்டம் "சபாஷ்" என்று கத்தும், உமர் பாரூக் மட்டும் "டேய், பக்கத்தையல்!" என்று கத்துவார். ஆடுகளமோ அரிசி மில்லின் நெல் உலர்த்தும் களம். மாலையில் நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடிய பிறகு, மில் மானேஜர் துளசிராமன் தலையசைத்தால், இரண்டு கம்புகளை நட்டு வலை கட்டுவார்கள். விழுந்து எழுந்தவன் முழங்காலில் நெல் ஒட்டியிருக்கும். அந்தச் சிமிட்டித் தரையில் ஒரு பருவம் தாங்கும்படி சட்டை தைப்பது தம்முடைய ஆட்டம் என்று அவர் எண்ணியிருந்தார்.

பயிற்சி தருகிறவரைப் பையன்கள் மாஸ்டர் என்பார்கள். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டுக்கு ஒரு வெள்ளைச் சட்டை உண்டு. ஊரில் ஒரு மரியாதை உண்டு. ரயில்வேயில் இருந்த தணிகாசலம் என்பவர் பல வருஷம் மாஸ்டராக இருந்தார். 1956ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவரைக் கூடூருக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் திருவள்ளூரில் ஜில்லாப் பந்தயம். மாஸ்டர் இல்லாமல் பையன்கள் மாலையில் களத்தில் கூடி, வலை கட்டுவது யார் என்று சண்டையிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் உமர் பாரூக்கின் வீட்டில் அவருடைய மைத்துனன் ஜலாலுதீன் வந்து தங்கியிருந்தான். மனைவி நசீம் பானுவின் தம்பி; பழவேற்காட்டுக்காரன்; இருபத்தெட்டு வயது. கைலி வியாபாரத்துக்காக ரங்கூனுக்குப் போனவன், அங்கே கடை மூடப்பட்ட பிறகு ஒரு தகரப் பெட்டியோடு திரும்பியிருந்தான். ரங்கூனுக்குப் போகுமுன் இந்த வட்டாரத்தில் அவனைப்போல் பந்தை அடிக்கிறவன் கிடையாது. மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை அவன் பெயர் தெரியும். திரும்பி வந்த பிறகோ அவனைத் தெருவில் கண்டவர் எல்லோரும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "இன்னாப்பா, ரங்கூனுக்கு எப்ப திரும்பிப் போறே?" ஆகையால் அவன் தெருவில் நடப்பதைக் குறைத்துக்கொண்டு மச்சானின் கடையில் உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் காலை, உமர் பாரூக் ஒரு கோட்டுக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருக்கையில் ஜலாலுதீன் கேட்டான்: "மச்சான், பசங்களுக்கு மாஸ்டர் இல்லியே. நான் பாத்துக்கட்டுமா?"

"ம்" என்றார் உமர் பாரூக்.

நாஷ்டா வேளைக்குள் செய்தி நசீம் பானுவுக்கு எட்டியது. மறுநாள் மீன் வண்டியோடு பழவேற்காட்டுக்குப் போயிற்று. அங்கே அவளுடைய தாயார் அக்கம்பக்கத்துக்குச் சர்க்கரை வழங்கினார்.

"எந்தம்பிக்கு நீங்க ஒத்துக்கினீங்களாமே" என்றாள் நசீம் பானு. அவள் முகத்தில் பல மாதங்களாகக் காணாத மலர்ச்சி இருந்தது.

"நான் எங்க ஒத்துக்கினேன்? கமிட்டி கூடணும், பேசணும். வாயில நூலு இருந்திச்சி."

"நம்ம நிக்காஹுக்கு நீங்க ஒத்துக்கினப்பவும் வாயில நூலுதான் இருந்திச்சாம். உங்கம்மாவே சொன்னாங்க. அதையும் இல்லேன்னுடுவீங்களா?"

உமர் பாரூக் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

அவருடைய தயக்கத்துக்குக் காரணம் மைத்துனன்மேல் குறை அல்ல. அதே வாரத்தில் வேறொருவர் கடைக்கு வந்திருந்தார். பாக்கியநாதன், நாற்பது வயது, திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்துக்காரர். பட்டாளத்தில் இருந்தவர், தபாலாபீசுக்குக் குமாஸ்தாவாக மாற்றலாகி வந்தவர். தம் பட்டாளத்துக் காக்கிக் கோட்டை இடுப்பில் தளர்த்தித் தர வேண்டும் என்று கொண்டுவந்தார். அளவு எடுப்பதைப் பற்றி உமர் பாரூக்குக்கு ஒரு கொள்கை உண்டு. கைகளை அகல விரித்து நிற்கும் மனிதன் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான். தன் பெருமை, தன் வியாதி, தன் மாமனார் என்று ஏதாவது ஒன்றை அவிழ்த்துவிடுவான். ஆளை அறிவதற்கு அதுவே தருணம் என்பது அவர் கொள்கை. பாக்கியநாதனோ சிலுவைபோல் கையை விரித்து நின்றார், ஒன்றும் அவிழ்க்கவில்லை. டேப்பைச் சுருட்டும்போது சுவரில் இருந்த மஞ்சள் சட்டைகளைப் பார்த்து, "பயலுவ எங்கன ஆடுதானுவ?" என்று மட்டும் கேட்டார். பட்டாளத்து அணியில் அவர் ஆறு வருஷம் ஆடினார் என்பது தபாலாபீஸ் சேவகன் மூலமாகப் பிறகுதான் தெரிந்தது. உமர் பாரூக்குக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. கொள்கைக்கு அடங்காத ஆளை யாருக்குத்தான் பிடிக்கும்?

பிடிக்காவிட்டாலும், கமிட்டி கூடியபோது மைத்துனன் பெயரோடு அவர் பெயரையும் உமர் பாரூக்கே சொன்னார். ஆளுக்கு இரண்டு வாரம் பையன்களை ஒப்படைப்பது, ஒவ்வொரு தவணையின் முடிவிலும் மீஞ்சூர் அணியை அழைத்து ஒரு சிநேக ஆட்டம் வைப்பது, அதன்பின் காரியதரிசியே முடிவு சொல்வது என்று தீர்மானித்தார்கள். கடைசித் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் துளசிராமன்.

"உன் ஊட்டு விவகாரம் பாய் இது. நாங்க எதுக்கு நடுவுல வந்து பேஜாரு பண்ணிக்கணும்? நீயே பார்த்துச் சொல்லிடு."

முதல் இரண்டு வாரம் ஜலாலுதீனுக்கு. அந்த நாட்களில் களத்தில் இருந்த கலகலப்பு முன் எப்போதும் இருந்ததில்லை. தண்டால் இல்லை, ஓட்டம் இல்லை; நேரே வலைக்குப் போய்விடுவார்கள். "தூக்கிப் போடுடா நைனா, இப்ப பாரு" என்று சொல்லி ஜலாலுதீன் எகிறி அடிப்பான். பந்து எதிர்ப்பக்கத்துச் சிமிட்டியில் மோதி மில் கூரைக்கு எழும்பும். பையன்கள் வாய் பிளந்து நிற்பார்கள். தெருவில் இப்போது யாரும் அவனிடம் ரங்கூனைப் பற்றிக் கேட்பதில்லை. "இன்னிக்கி பிராக்டீஸ் உண்டா மாஸ்டர்?" என்று கேட்டார்கள். அவன் சவரம் செய்துகொண்டு, தலை வாரி, தெருவின் நடுவே நடந்தான். நசீம் பானு வாசலில் நின்று அந்த நடையைப் பார்ப்பாள். அதை அவள் பார்ப்பதை உமர் பாரூக் பார்ப்பார்.

மீஞ்சூர்க்காரர்கள் வந்தார்கள். ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. அணியில் உயரமான பையன் மணவாளன். மில்லில் மூட்டை தூக்கும் ஒருவரின் மகன். அடிக்க வேண்டிய இடத்தில் நிற்பவன். இரண்டு பந்துகளை அவன் வலையில் அடித்துவிட்டான். ஓரத்தில் நின்றிருந்த ஜலாலுதீன் பொறுக்கமாட்டாமல், "நீ வெளிய வாடா, நான் பாத்துக்கிறேன்" என்று கைலியை அவிழ்த்து வீசிவிட்டு நிஜாரோடு களத்தில் இறங்கினான். சிநேக ஆட்டம்தானே என்று மீஞ்சூர்க்காரர்களும் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை ஊர் ஒரு வாரம் பேசிற்று. பந்து எங்கே எழுந்தாலும் அங்கே ஜலாலுதீன் இருந்தான். பொன்னேரி ஜெயித்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போய் வந்தார்கள்.

ஆட்டம் முடிந்த பின் சட்டைகளைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டுப் போவது பையன்களின் வழக்கம். உமர் பாரூக் அவற்றை ஒவ்வொன்றாக உதறி ஆணியில் மாட்டினார். முதுகுப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் நனையவில்லை. ஜலாலுதீன் ஆடிய சட்டையை மட்டும் பிழிந்து காயப்போட வேண்டியிருந்தது. அவர் அந்த ஈரச் சட்டையை மற்றவற்றின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்; பிறகு வீட்டுக்குப் போய், மனைவி ஆக்கியிருந்த விருந்துச் சோற்றைச் சாப்பிட்டார்.

அடுத்த இரண்டு வாரம் பாக்கியநாதனுக்கு. அவர் முதல் வாரம் வலையைக் கட்டவே விடவில்லை. பையன்களைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பந்தை இரு கைகளிலும் ஏந்தப் பழக்கினார். பின்னால் நகர்வது, பக்கவாட்டில் நகர்வது, விழாமல் குனிவது, இவைதான் பாடம். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "இன்னா பாய் இது, தபாலாபீஸ் முத்திரை குத்தற மாரி ஒரே வேலைய செஞ்சிகினே இருக்கணும்ன்றாரு" என்று பையன்கள் கடையில் வந்து முறையிட்டார்கள். இரண்டாம் வாரம் வலை கட்டினார்கள். பையன்களின் சட்டைகள் தினமும் நனைந்து வந்தன. ஆனாலும் யாரும் மாஸ்டரைத் தோளில் தூக்க ஆசைப்படவில்லை.

மறுபடியும் மீஞ்சூர்க்காரர்கள் வந்தார்கள். பையன்கள் முன்னிலும் நன்றாக ஆடினார்கள். துளசிராமனே படுதா மூடிய நெற்குவியல்மேல் ஏறி நின்று பார்த்தார். கடைசிக் கட்டத்தில் இரு பக்கமும் சமம். மீஞ்சூர்க்காரன் அடித்த பந்து உயர்ந்து, கோட்டைத் தாண்டி வெளியே விழப் போவது தெளிவாகத் தெரிந்தது. தொடாமல் நின்றால் புள்ளி பொன்னேரிக்கு. பந்தின் கீழே மணவாளன் நின்றான்.

"விடுலே! விடு, விடு!" என்று பாக்கியநாதன் கத்தினார்.

மணவாளன் எகிறினான். உடம்பில் இருந்த பலம் முழுவதையும் சேர்த்துப் பந்தை ஓங்கி அடித்தான். அது வலையைத் தாண்டி, மீஞ்சூர்க்காரர்களையும் தாண்டி, மில் சுவரைக் கடந்து மறைந்தது. ஆட்டமும் அதோடு போயிற்று.

"ஏம்லே தொட்டே?" என்று பாக்கியநாதன் ஓடி வந்தார். "விடுன்னு தொண்ட கிழிய கத்துதேன், கேக்கலியா?"

"கேட்டிச்சி சார். அதான் வுட்டேன்."

"எங்கலே விட்டே?"

"இன்னா சார் நீங்க, ஊரே பார்த்திச்சி. எம்மாம் பெரிசா வுட்டேன்!"

கூட்டம் சிரித்து உருண்டது. பாக்கியநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஓர் அறை விடுவதும் விடுவதுதான், ஒரு குத்து விடுவதும் விடுவதுதான் என்று தெற்கே இருந்து வந்தவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தணிகாசலம் காலத்திலிருந்து அந்தக் களத்தில் "வுடு" என்றால் ஓங்கி அடி என்று பொருள். தொடாதே என்பதற்கு வேறு சொல் இருந்தது. பையன்கள் அதைச் சொல்லவில்லை; அவர் கேட்கவுமில்லை.

"பாஷையே வராதவனப் போய் மாஸ்டர்னு கொண்டாந்தீங்களே" என்று கூட்டத்தில் நின்ற ஜலாலுதீன் உரக்கச் சொன்னான். "ஒரு டுபாஷி வெச்சிக்கச் சொல்லுங்க சார!" அதற்கும் சிரிப்பு எழுந்தது. துளசிராமன் கீழே இறங்கி, உமர் பாரூக்கின் தோளில் தட்டினார். "இனிமே இன்னா பாய் யோசனை? கெலிச்சவனப் போட்டுட்டு நிம்மதியா இரு. ஊட்லயும் சோறு கெடைக்கும்."

உமர் பாரூக் விடை சொல்லவில்லை. இந்த முறை வாயில் நூல் இல்லை.

மறுநாள் மாலை அவர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, மில் வாசலருகே படுதா மூடிய நெற்குவியலின் மறைவில் நின்றார். தவணை முடிந்த பிறகும் யாராவது வருகிறார்களா என்று பார்க்கத்தான் வந்தார். பாக்கியநாதன் வந்திருந்தார். பையன்களும் வந்திருந்தார்கள். அவர் நடுவில் நின்றார். அவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து தப்பு எவன்மேலயும் இல்ல. எம்மேலதான்" என்றார் பாக்கியநாதன். "தொடாதன்னு சொல்ல நீங்க என்னலே சொல்லுவிய?"

"போவட்டும்னு சொல்லுவோம் சார்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேதபாடம் ஒப்பிப்பவர்போல நிறுத்தி, "போகட்டும்" என்றார்.

பையன்கள் தரையில் கையை அடித்துச் சிரித்தார்கள். "இவ்ளோ மெதுவா சொன்னா அதுக்குள்ள பந்து ஆந்திராவுக்குப் பூடும் சார்!" என்றான் மணவாளன். "போட்டும்! போட்டும்! அப்டி சொல்லணும்."

"போட்டும்."

"இன்னும் கத்தி!"

"போட்டும்லே!"

"லே வாணாம் சார்!"

காக்கிக் கோட்டு அணிந்த அந்த மனிதர், மீசை துடிக்க, அந்த ஒரு சொல்லை மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தார். மணவாளன் பந்தை வெளியே எறிவான், அவர் கத்துவார், தவறினால் பையன்கள் ஊளையிடுவார்கள், அவர் மறுபடி கத்துவார். பையன்கள் அவரைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. அவரும் சிரித்தார். உமர் பாரூக் உள்ளே போகாமல் திரும்பிவிட்டார்.

முடிவு அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்வதுதான் மிச்சம். இரண்டு நாள் அவர் சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சட்டைக்குக் கைகளை இடம் மாற்றித் தைத்துவிட்டு, பிரித்து மறுபடி தைத்தார். பையன்களுக்கு வேறு மாஸ்டர் கிடைப்பார். ஜலாலுதீனுக்குத் தெருவில் நடக்க வேறு என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்தார். திருவள்ளூரில் வலைக்கு முன்னால் பையன்கள் வாய் பிளந்து நிற்பதையும் எண்ணிப் பார்த்தார். இரண்டும் ஒரு துணியில் வெட்டக் கூடிய சட்டைகள் அல்ல.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து திரும்பும் வழியில், புளியமர நிழலில் அவர் மைத்துனனை நிறுத்தினார்.

"ஜலாலு, மாஸ்டர் பாக்கியநாதன்தான்."

ஜலாலுதீன் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்தான். "தோத்தவனயா வெக்கிறே? ஊரு சிரிக்கும் மச்சான்."

"சிரிக்கட்டும்."

"நான் கெலிச்சிக் குட்த்தேனே."

"நீ கெலிச்சே. யாரு இல்லேன்னது? ஆனா பசங்க சட்டை நனையலப்பா. திருவள்ளூர்ல நீ உள்ள எறங்க முடியாது. அங்க அதுங்கதான் ஆடணும்."

"அத என்னாண்ட சொல்லியிருந்தா நான் கத்துக்க மாட்டனா? அந்தாளு ஒரு வார்த்தை கத்துக்கினாருன்னு தூக்கி வெச்சிக்கினு ஆடறியே. எனக்கு நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

உமர் பாரூக் உண்மையில் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"சரி வுடு" என்றான் ஜலாலுதீன். "அன்னிக்கி நான் கேட்டப்ப 'ம்'ன்னியே. அது இன்னாது? நூலு சொல்லிச்சா?"

ஊருக்கெல்லாம் சொல்லும் விடை அவர் நாவின் நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஜலாலுதீன்கூடச் சிரித்திருப்பான்.

"இல்ல. நான்தான் சொன்னேன். சொல்லிட்டு மாத்திட்டேன்."

ஜலாலுதீன் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தான். மறுநாள் காலை தகரப் பெட்டியோடு பழவேற்காட்டுக்குப் புறப்பட்டான். உமர் பாரூக் கடையில் இருந்தார். அவன் அந்த வழியாகப் போகவில்லை.

நசீம் பானு சண்டையிடவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். அருகில் நிற்காமல் உள்ளே போனாள். பல நாள் அப்படியே நடந்தது. ஒருநாள் மட்டும், பாத்திரத்தை எடுக்கக் குனிந்தவள் நிமிராமலே சொன்னாள்: "எந்தம்பி பொட்டியத் தூக்கிக்கினு போறப்ப, கடைத்தெருவுல எவனோ 'ரங்கூனுக்காப்பா?'ன்னு கேட்டானாம். உங்க காதுல வுழுந்துச்சா?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். அந்த வாரக் கமிட்டியில், திருவள்ளூர்ப் பந்தயத்தோடு காரியதரிசிப் பொறுப்பை விட்டுவிடுவதாகத் தெரிவித்தார். காரணம் கேட்டார்கள். "கண்ணு மங்குது" என்றார். அதே கண்ணால் அன்று மாலை ஊசியில் அறுபதாம் நம்பர் மெல்லிய நூலைக் கோத்தார்.

பந்தயத்தன்று பையன்களும் மாஸ்டரும் உமர் பாரூக்குமாக ரயில் மாறித் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தார்கள். திருநின்றவூர் தாண்டும் வரை பையன்கள் பாட்டுப் பாடினார்கள். அதற்கு மேல் பேச்சு அடங்கிற்று. மைதானத்தில் காரியதரிசிகளுக்கு என்று நாற்காலிகள் போட்டு, சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கு ஒரு நாடாப்பூவும் கொடுத்தார்கள். பாக்கியநாதன் புதிய வெள்ளைச் சட்டையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே நின்றார். பொன்னேரிக்கு எதிர்ப்பக்கம் செங்கற்பட்டு. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில், எதிர்ப்புறத்துக் கூட்டத்தில், வேர்க்கடலை விற்பவனுக்குப் பின்னால் ஒரு தலையை உமர் பாரூக் கண்டார். பழவேற்காட்டிலிருந்து அங்கே வந்து சேர விடியுமுன் புறப்பட்டிருக்க வேண்டும்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "எங்க பாய், ஆட்டம் நடக்குது" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதைக் கேளாமல், கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய், மைத்துனனின் பக்கத்தில் நின்று ஸலாம் சொன்னார். ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஆகையால் ஜலாலுதீன் பதில் சொன்னான். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கண் களத்தில் இருந்தது. கூட்டம் நெருக்கிற்று. இருவர் தோளும் உரசின.

களத்தில் ஒரு பையன் பந்தை ஏந்தி, வலைக்கு மேலே உயரத் தூக்கிக் கொடுத்தான். மணவாளன் இரண்டு எட்டு ஓடி வந்து எகிறினான். அவனோடு, அந்த நெருக்கத்தில், தான் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்த ஜலாலுதீனின் வலது தோளும் எழுந்தது. முழங்கை பின்னால் வளைந்தது.

உமர் பாரூக் ஓர் அடி விலகினார். பின்னால் நின்றவரின் மார்பில் உள்ளங்கையை வைத்து, "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று மெல்ல ஒதுக்கி, அந்தக் கைக்கு இடம் செய்து கொடுத்தார். அது 1957ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை; காரியதரிசி என்ற முறையில் அவர் மைதானத்துக்குச் சென்றது அன்றுதான் கடைசி.